குருசடைத் தீவின் பாசிகள்

2019 ஆகஸ்ட் 18ஆம் தேதி இரவு சென்னையின் தென்கடற்கரை நீலமாக ஒளிர்ந்தது. திருவான்மியூர் தொடங்கி ஈஞ்சம்பாக்கம் வரை அலை உடைந்த இடமெல்லாம் வெளிச்சம். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் கடற்கரைக்கு ஓடினார்கள். மறுநாள் எல்லோருடைய கைப்பேசியிலும் அந்தப் படங்கள்தாம். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில், பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் தெற்கே, கடல் கெட்டியான பச்சையாக மாறியது. மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. நாற்றம் தாங்காமல் மீனவர்கள் முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். சென்னையில் கொண்டாட்டமாகவும் பாம்பனில் சாவாகவும் வந்தது ஒரே உயிர். நாக்டிலூகா சிந்திலன்ஸ் என்பது அதன் அறிவியல் பெயர்.

பாசிகளைப் பற்றி எழுத நினைக்கும்போதெல்லாம் எனக்கு மன்னார் வளைகுடாதான் கண்முன் வருகிறது. அதிலும் பாம்பனை ஒட்டியிருக்கும் குருசடைத் தீவு. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையில் கிடக்கும் 21 தீவுகளில் இதுவும் ஒன்று. நடந்தே சுற்றிவிடக்கூடிய அளவுதான். ஆனால் அதைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் பாசி எடுக்காத வேடமில்லை. பவளத்துக்குள் குடியிருந்து பாரைக் கட்டும் பாசி, உடைந்த பவளத் துண்டுகளைப் பிணைத்துக் கெட்டிப்படுத்தும் பாசி, சின்னப்பாலத்துப் பெண்களுக்குக் கூலி தரும் பாசி, பவளத்தைப் போர்த்திக் கொல்லும் வந்தேறிப் பாசி, கடலின் மூச்சை நிறுத்தும் மிதவைப் பாசி. அத்தனையும் அங்கே உண்டு. பாசியைக் காப்பதா, வளர்ப்பதா, அகற்றுவதா என்ற கேள்விகளுக்கு இந்தத் தீவில் பொதுவான ஒரு விடை கிடையாது. எந்தப் பாசி, எந்த இடத்தில், எவ்வளவு, யார் கொண்டுவந்தது என்று கேட்டால் மட்டுமே விடை வரும்.

நாக்டிலூகாவிலிருந்தே தொடங்கலாம். பெரும்பாலான மிதவை உயிரிகளுக்கு நுண்ணோக்கி வேண்டும். இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஒரு செல்தான், ஆனால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூட வளரும். கடல்நீரைக் கண்ணாடிக் குடுவையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஜவ்வரிசியை இன்னும் பொடியாக்கி மிதக்கவிட்டது மாதிரி தெரியும். உருப்பெருக்கி வழியே பார்த்தால் ஒரு பக்கம் சிறு பள்ளம். அந்தப் பள்ளத்திலிருந்து நீளும் ஓர் உணர்கை. உள்ளே பெரும்பகுதி வெறும் திரவம். அந்தத் திரவத்தில் அம்மோனியம் மிகுந்திருப்பதால் செல் கனமற்று மேலே மிதக்கிறது. டயாட்டம் என்ற நுண்பாசிகளைப் பிடித்துத் தின்னும். மீன் முட்டையைக்கூட விழுங்கும். அலையோ துடுப்போ தொட்டுக் கலக்கினால் உள்ளே இருக்கும் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரு கணம் ஒளி விடும். சென்னைக் கடற்கரையில் மக்கள் பார்த்தது அந்தக் கணங்களின் கூட்டம்.

இதே உயிரில் பச்சை வகை ஒன்று உண்டு. அதன் திரவப்பைக்குள் மிகச் சிறிய பச்சைப் பாசிகள் ஆயிரக்கணக்கில் நீந்திக்கொண்டிருக்கும். அவை சூரிய ஒளியில் உணவு செய்கின்றன. வீட்டுக்காரச் செல் அதில் பங்கு பெறுகிறது. இந்தக் குடித்தனத்தை முதலில் முறையாக விவரித்துப் பெயரிட்டவர் ஆர். சுப்ரமணியன் என்ற தாவரவியலாளர். கோழிக்கோட்டுக் கடல் பச்சையானபோது அந்த நீரை ஆராய்ந்து, உள்ளே இருந்த உயிருக்கு 1954இல் புரோட்டோயூக்ளினா நாக்டிலூகே என்று பெயர் வைத்தார். 1976இல் மேல்நாட்டு ஆய்வொன்று அதை வேறு பேரினத்தில் சேர்த்தது. சுப்ரமணியன் வைத்த பெயர் வழக்கொழிந்தது. 2016இல் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இது தனிப் பேரினம்தான் என்று கண்டு அவருடைய பெயரையே மீட்டார்கள். அந்தக் காலத்து நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு ஒருவர் பார்த்துச் சொன்னது அறுபது ஆண்டுகள் கழித்தும் நின்றது. இந்தத் துறையில் நமக்கு இருக்கும் பாரம்பரியம் இத்தகையது.

நாக்டிலூகாவுக்குள் பச்சைப் பாசி குடியிருப்பதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், பூமியில் தாவரம் என்ற ஒன்று உண்டான விதமே அதுதான். நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒரு செல் நீலப்பச்சைப் பாசி ஒன்றை விழுங்கியது, செரிக்கவில்லை. உள்ளே தங்கிய அந்த விருந்தாளி தலைமுறை தலைமுறையாகப் பிரிந்து, தன் மரபணுக்களில் பெரும்பகுதியை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, பசுங்கணிகம் என்ற உறுப்பாகிப் போனது. முருங்கை இலையில், நெற்பயிரில், கோயில் குளத்துப் படியில் இன்று ஒளிச்சேர்க்கை நடத்துவது அந்தப் பழைய விருந்தாளியின் சந்ததிதான். அப்படிப் பிறந்த கொடிவழிகளில் சிவப்புப் பாசிகள் ஒன்று, பச்சைப் பாசிகள் ஒன்று. பிறகு வேறொரு செல், சிவப்புப் பாசி ஒன்றை முழுதாக விழுங்கித் தன்னுள் வைத்துக்கொண்டது. பழுப்புப் பாசிகளும் கண்ணாடிக் கூடு கட்டும் டயாட்டங்களும் அந்த வழியில் வந்தவை.

ஆகவே பாசிகளை ஒரே குடும்பமாக எண்ணக் கூடாது. மண்டபம் கரையில் கல்லை ஒட்டி மெல்லிய இலைபோல ஆடும் உல்வா என்ற பச்சைப் பாசியையும், அதன் பக்கத்தில் பழுப்பாகப் புதர்கட்டி நிற்கும் சர்காசத்தையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் கடலில்தான் இருக்கின்றன, இரண்டையும் நாம் பாசி என்றுதான் அழைக்கிறோம். ஆனால் உல்வாவுக்கு நெருங்கிய சொந்தம் கரையில் நிற்கும் மாமரம். சர்காசம் வெகுதூரத்து அந்நியம். 2001இல் வெளியான பட்டியல் இந்தியக் கடல்களில் 844 கடற்பாசி இனங்களைக் குறிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் இந்தக் கணக்கில் சேரா. உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி, கடலில் மிதக்கும் அந்த நுண்பாசிகளுடையது. அதற்கும் முந்தைய கடன் ஒன்று இருக்கிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதே நீலப்பச்சைப் பாசிகளால்தான்.

நம் நாட்டில் பாசியியலின் தந்தை என்று அழைக்கப்படும் எம்.ஓ.பி. அய்யங்கார் சென்னைக்காரர். 1886இல் பிறந்து மாநிலக் கல்லூரியில் பணியாற்றியவர். குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய குறிப்பு 1927இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் வந்தது. பிறகு லண்டனில் ஃபிரிட்ச் என்ற பாசியியலாளரிடம் ஆராய்ச்சி செய்து திரும்பினார். 1932இல், ஈரமண்ணில் வளரும் சிறு பச்சைப் பாசி ஒன்றை விவரித்து, ஆசிரியரைச் சிறப்பிக்க ஃபிரிட்சியெல்லா என்று பெயர் சூட்டினார். அந்தப் பாசியின் ஒரு பகுதி மண்ணுக்குள் கிழங்குபோலத் திரண்டிருக்கும். இன்னொரு பகுதி மேலே கொத்தாக எழும்பும். நீரில் வாழ்ந்த பச்சை, தரையேறுவதற்கு என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பதை யோசிக்க வைத்த பாசி அது. உலகெங்கும் தாவரவியல் பாடநூல்கள் அதன் படத்தைப் போட்டன. அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் ஆய்வு மேசைகளில் இருக்கிறது. வயலில் தழைச்சத்தைச் சேர்க்க நீலப்பச்சைப் பாசி தூவலாம் என்று வேளாண்மை அலுவலர்கள் சொல்வதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

இனிப் பவளப் பாருக்கு வருவோம். பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் நெருக்கமாகக் குடியிருக்கின்றன; பவளத்துக்கு வேண்டிய உணவில் பெரும்பங்கு அவை செய்துகொடுப்பதுதான். அந்தச் சர்க்கரை இல்லாவிட்டால் சுண்ணாம்பை உறிஞ்சிக் கல்லாக்கும் வேகம் பவளத்துக்குக் கிடையாது. கோடைகாலத்தில் கடல்நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நின்றால் இந்த ஏற்பாடு குலைகிறது. பாசிகள் வெளியேற்றப்படுகின்றன. பவளத்தின் நிறம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பாசியின் நிறம் என்பதால், அவை போனதும் வெள்ளை எலும்பு தெரிகிறது. 2010இலும் 2016இலும் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது. 2016க்கு முன் கடலடியில் சுமார் 39 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, அந்தக் கோடைக்குப் பின் சுமார் 23 விழுக்காடாகக் குறைந்தது.

பவளம் செத்த இடத்தில் புதிய பவளம் வருவதும் பாசியைப் பொறுத்ததே. பாரின் இடுக்குகளில், நிழலான பக்கங்களில், வெளிர்ச்சிவப்பாகக் கல்லோடு கல்லாக ஒட்டிய படலம் ஒன்று இருக்கும். தொட்டால் சொரசொரப்பு, கல் என்றே நினைப்போம். அது உயிருள்ள சிவப்புப் பாசி. தன் செல்சுவர்களில் சுண்ணாம்பைப் படியவைத்து வளர்கிறது. தண்ணீரில் இறங்க இறங்கச் செங்கதிர்கள் முதலில் மறைந்துவிடும். நீலமும் பச்சையும் மட்டும் கீழே போகும். அந்த ஒளியைப் பிடிக்கும் சிவப்பு நிறமி இதனிடம் இருப்பதால் நிழலிலும் பிழைக்கிறது. புயலில் உடைந்த பவளத் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்துப் பாரைக் கெட்டியாக்குவது இந்தப் படலம். நீரில் அலைந்துகொண்டிருக்கும் பவளக் குஞ்சுகள் எங்கே உட்காரலாம் என்று தேடும்போது, பல இனங்கள் இந்தப் பாசி கசியவிடும் வேதிப்பொருளை உணர்ந்தே இடம் தேர்கின்றன. பாசியில்லாத வெறுங்கல்லில் பார் மறுபடி தழைப்பது கடினம்.

அந்தப் பாரைத்தான் 2019 செப்டம்பரில் பச்சை நாக்டிலூகா மூடியது. அந்தப் பாசி நஞ்சைக் கக்கிக் கொல்லவில்லை. பெருகியது, பிறகு மொத்தமாகச் செத்தது. செத்ததைச் சிதைக்க வந்த பாக்டீரியாக்கள் நீரில் கரைந்திருந்த ஆக்சிஜனைத் தின்று தீர்த்தன. அழுகலிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஒரு லிட்டர் நீரில் ஆக்சிஜன் இரண்டு மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியதைத் தூத்துக்குடியின் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேகமாக வளரும் அக்ரோபோரா, மான்டிபோரா, பொசிலோபோரா பவளங்களில் 71 விழுக்காடு வரை மாண்டன. இப்படியொரு மீன்சாவை மலபார்க் கரையில் கண்டு சென்னை மாகாண மீன்வளத் துறையின் ஜேம்ஸ் ஹார்னெல் 1917இலேயே எழுதியிருக்கிறார். ஆகவே இது புதிதாக வந்த நோயல்ல. மழைநீரோடு கடலில் சேரும் உரச் சத்தும் கழிவுநீரும் இத்தகைய பெருக்கத்துக்குத் தீனி போடுகின்றன. கடல் சூடாக ஆக, மேல் நீரும் கீழ் நீரும் கலப்பது குறைகிறது. ஆக்சிஜன் இறங்குவது எளிதாகிறது. நாம் வயலில் கொட்டுவதும் புகைபோக்கியில் விடுவதும் பாம்பன் கடலில் வந்து முடிகின்றன.

இந்த நீரில்தான் தலைமுறைகளாகப் பெண்கள் பாசி எடுக்கிறார்கள். சின்னப்பாலம், பாரதி நகர் போன்ற ஊர்களிலிருந்து வள்ளத்திலோ நடந்தோ வந்து, வற்றுநீர் நேரம் பார்த்து இறங்குகிறார்கள். சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, விரல்களில் துணிச்சுற்று, அதற்கு மேல் ரப்பர் உறை, காலில் ரப்பர் செருப்பைக் கட்டிய கயிறு, கண்ணுக்கு முக்குளிக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கி முங்கி, ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பறிக்க வேண்டும். நீரோட்டம் ஆளைத் தள்ளும். பவள முனை தோலைக் கிழிக்கும். புத்தகத்தில் ஜெலிடியெல்லா அசிரோசா என்று இருப்பதை அவர்கள் மரிக்கொழுந்துப் பாசி என்கிறார்கள். கிராசிலேரியா அவர்களுக்குக் கஞ்சிப் பாசி. அதைக் கொதிக்கவைத்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்த வழக்கம் கரையோரத்தில் உண்டு. சர்காசம் கட்டைக்கோரை. முனையில் தடித்து முண்டும் முடிச்சுமாக இருக்கும் டர்பினேரியா, பக்கோடாப் பாசி.

மரிக்கொழுந்துப் பாசி உயரமாக வளராது. நடுத்தண்டின் இருபுறமும் சீப்புப் பல்லாகக் கிளைகள். நிறம் மங்கிய செம்பழுப்பு. வெயில்பட்ட இடத்தில் மஞ்சளோடும். செத்த பவளக் கல்லின் மேல் வேர்போன்ற இழைகளை ஊன்றிக்கொண்டு மெதுவாக வளர்கிறது. நுனியைக் கிள்ளி அடியை விட்டுவைத்தால் திரும்பத் துளிர்க்கும். அடியோடு பெயர்த்தால் அந்தக் கல் வெகுகாலம் வெறுங்கல்தான். இதைத் தெரிந்துகொள்ள அந்தப் பெண்களுக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை. மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது, மீன்பிடித் தடைக்காலத்தில் பாசி எடுக்காமல் விடுவது, இரும்புச் சுரண்டியைத் தொடாமல் கையாலேயே பறிப்பது என்று அவர்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுப்பாட்டை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது. 1986இல் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த நீரும் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, இதே பெண்கள் அத்துமீறுபவர்களாகத் துரத்தப்பட்டு, பறித்த பாசியைப் பறிகொடுத்த நாள்களும் உண்டு.

அவர்கள் பறித்தது எங்கே போகிறது? காய்ந்த மரிக்கொழுந்தும் கஞ்சிப் பாசியும் மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய் அகராகின்றன. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளில் பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சித் தட்டில் ஊற்றி, ஆறியதும் துண்டு போடும் கடல்பாசி இந்த அகர்தான். மருத்துவமனை ஆய்வகத்தில் நோய்க்கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டிலும் இதே பொருள்தான். 1881இல் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலைசெய்த வால்தர் ஹெஸ்ஸே, கோடை வெப்பத்தில் ஜெலட்டின் உருகிப்போவதால் தவித்தார். சமையலறையில் அகரைப் புழங்கிய அவருடைய மனைவி ஃபேனி அதைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். உடல் வெப்பத்திலும் இளகாத அந்தக் கூழ் நுண்ணுயிரியலின் அடித்தளமானது. அகருக்கு உலகம் ஜப்பானையே நம்பியிருந்த நிலை இரண்டாம் உலகப் போரில் குலைந்தபோது, பல நாடுகள் தங்கள் கரையில் பாசி தேடத் தொடங்கின, இந்தியாவும் தேடியது. பாசி எடுப்பது மன்னார் வளைகுடாவில் வணிகத் தொழிலாக வளர்ந்தது அதன் பிறகுதான்.

இனி, வந்தேறிப் பாசியின் கதை. கப்பாஃபைகஸ் ஆல்வாரெசி பிலிப்பைன்ஸ் பகுதிக் கடலுக்கு உரியது. கேரஜீனன் என்ற கூழ்ப்பொருள் அதில் மிகுதி. ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக இருக்க அது வேண்டும். 1974இல் ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் சோதனைக்காக இதைக் கொண்டுபோய் விட்டார்கள். அது பவளத்தின் மேல் படர்ந்தது. அதை அகற்றும் பாடு பல பத்தாண்டுகள் நீடித்தது. 1980களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, குஜராத்தின் ஓகாவில் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் கண்காணிப்பில் வளர்ந்தது. 1990களில் மண்டபத்துக்கு வந்தது. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் வணிகச் சாகுபடியில் இறங்கியதால் ராமநாதபுரம் கரையில் இதற்குப் பெப்சிப் பாசி என்றே பெயர் நிலைத்தது.

இந்தப் பாசி மீனவக் குடும்பங்களுக்குச் செய்த நன்மையை மறைத்துவிட்டு எழுதக் கூடாது. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவை, அதில் கயிறுகள், கயிற்றில் கட்டிய நாற்றுத் துண்டுகள். 45 நாளில் நாற்றின் எடை நாலு மடங்காகும். உரம் வேண்டாம், நல்ல தண்ணீர் வேண்டாம். சுய உதவிக் குழுப் பெண்கள் தங்கள் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். மூச்சடக்கி முங்குவதைவிட இடுப்பளவு நீரில் நின்று கயிறு கட்டுவது உடம்புக்கு எளிது. வித்துகள் முளைத்துப் பரவ வாய்ப்பில்லை, கட்டிய கயிற்றை விட்டுப் போகாது என்று அப்போது நம்பிக்கை சொல்லப்பட்டது.

ஆனால் இந்தப் பாசிக்கு வித்து தேவையில்லை. உடைந்த துண்டு ஒன்று போதும். 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளியான மதுரை ஆய்வாளர்களின் கட்டுரை, குருசடைத் தீவின் அக்ரோபோரா பவளங்கள் மேல் கப்பாஃபைகஸ் தடித்த பாயாகப் படர்ந்து, ஒளியை மறைத்து அவற்றைக் கொன்றுகொண்டிருப்பதைக் காட்டியது. மொத்தப் பாரின் பரப்போடு ஒப்பிட்டால் படர்ந்த இடம் மிகச் சிறியது என்று மறுத்து எழுதியவர்களும் இருந்தார்கள். அளவைப் பற்றிய அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பக்கத்துத் தீவுகளிலும் பின்னர் அது தென்பட்டது. கையால் பிடுங்கிய இடத்தில், ஒட்டியிருந்த துணுக்கிலிருந்து மறுபடி தளிர்த்தது. பிடுங்கும்போது சிதறிய துண்டுகளும் நீரோட்டத்தில் போய்ப் புது இடம் பிடித்தன. 2013-14 வாக்கில் கடல்நீர் சூடேறியதில் மிதவைகளில் இருந்த பயிர் மொத்தமாக அழுகி, கடன் வாங்கி மிதவை கட்டிய குடும்பங்கள் கையைப் பிசைந்து நின்றன. கொண்டுவந்த பயிர் மிதவையில் செத்தது. தப்பிய துண்டுகள் பாரில் பிழைத்தன. ஹவாயில் நடந்ததை முன்பே படித்தவர்கள் இதை எதிர்பார்த்திருக்க முடியும்.

இப்போது அரசின் கவனம் முழுவதும் கடற்பாசி மேல் திரும்பியிருக்கிறது. பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் 2025க்குள் 11 லட்சம் டன்னுக்கு மேல் விளைவிக்க இலக்கு வைத்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. உயிருள்ள கடற்பாசியை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய 2024இல் நெறிமுறைகள் வந்தன. தனிமைப்படுத்தி வைத்துச் சோதிப்பது, ஆபத்தை மதிப்பிடுவது ஆகியவை அதில் எழுதப்பட்டிருப்பது நல்லதே. கரியைக் கடலில் பூட்டிவைக்கும் வழி என்றும் கடற்பாசி புகழப்படுகிறது. 45 நாளில் அறுத்துப் பற்பசையாகவும் ஐஸ்கிரீமாகவும் மாறும் பாசியில் இருக்கும் கரி, சில மாதங்களில் காற்றுக்கே திரும்பிவிடும். கடலடியில் புதையும் சிறு பங்கை வைத்துப் பெரிய கணக்கு காட்டக் கூடாது.

பாசி வளர்ப்புக்கு நான் எதிரியல்ல. ராமநாதபுரம் கரையின் வறுமை தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். என் கவலை வேறு. குருசடையில் நடந்த ஒவ்வொன்றிலும் பாசி தன் இயல்பைத்தான் செய்தது. பவளத்துக்குள் சர்க்கரை சமைத்தது, கல்லைப் பிணைத்தது, சத்து மிகுந்த நீரில் பெருகியது, கிடைத்த கல்லில் படர்ந்தது. எது நன்மை, எது கேடு என்பதைத் தீர்மானித்தது நீரின் சூடும் கழிவின் அளவும், எந்த இனத்தை எந்தக் கடலில் இறக்கினோம் என்பதும்தான். அந்த மூன்றும் நம் கையில் இருக்கின்றன.

ஆகவே சில கோரிக்கைகள். வெளியூர்ப் பாசி எதுவானாலும் பவளப் பாருக்கு அருகில் அதற்கு இடம் தரக் கூடாது. தேசியப் பூங்காவின் எல்லை மட்டும் போதாது, நீரோட்டம் துண்டுகளை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை அளந்து விலக்கு தூரம் வைக்க வேண்டும். மரிக்கொழுந்தையும் கஞ்சிப் பாசியையும் கயிற்றில் வளர்க்க மண்டபத்து ஆய்வு நிலையங்கள் ஏற்கெனவே முயன்றிருக்கின்றன. அந்த வேலைக்குத்தான் பெரும்பணம் போக வேண்டும். அவை மெதுவாக வளர்பவை, ஆனால் இந்தக் கடலுக்குச் சொந்தமானவை. பயிர் அழுகினால் மிதவை கட்டிய பெண்களுக்கு நெல்லுக்கு இருப்பதுபோல் இழப்பீடு வேண்டும். பாசிக்கு அனுமதி தரும் குழு எதுவானாலும், அதில் பாசி எடுக்கும் பெண்கள் முழு உறுப்பினர்களாக இருக்க வேண்டும். மாதத்தில் எத்தனை நாள் இறங்கலாம், எந்தக் கல்லை விட்டுவைக்கலாம் என்று சட்டம் சொல்வதற்கு முன்பே முடிவெடுத்தவர்கள் அவர்கள். மன்னார் வளைகுடாவின் பாசியைப் பற்றி அவர்களைக் கேட்காமல் எடுக்கப்படும் எந்த முடிவும் அரைகுறை முடிவே.